தரையில் விரித்ததும் சுவரில் மாட்டியதும்

பழைய துணிக்குப் பாத்திரம் தரும் தள்ளுவண்டி ஒன்று, திருமுல்லைவாயிலில் நாம் குடியிருக்கும் தெருவுக்கு மாதம் ஒருமுறை வருவதுண்டு. போகிக்கு முந்தைய வாரம் பரணை ஒழித்தபோது இறங்கிய மூட்டையில் அம்மாவின் பவானி ஜமக்காளம் இருந்தது. அம்மாவின் கலியாணச் சீரோடு வந்தது. தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் இரவல் போய்த் திரும்பும் பொருள் ஆகையால், ஓரத்தில் சிவப்பு நூலால் அம்மா தம் பெயரின் முதலெழுத்தைத் தைத்து வைத்திருந்தார். கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் நாம் அதனைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையோடு கொடுத்துவிட்டு நீலநிறப் பிளாஸ்டிக் வாளி ஒன்றை வாங்கிக்கொண்டோம்.

சில நாட்கள் கழித்து, சி.டி.எச். சாலையோரம் நின்ற லாரி ஒன்றின் அடியில் மல்லாந்து படுத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு மெக்கானிக். அவர் முதுகுக்குக் கீழே பச்சையும் சிவப்புமாய்ப் பட்டைகள். ஓரத்தில் அம்மாவின் எழுத்து. கிரீஸ் கறையிலும் அந்த எழுத்து அழியவில்லை.

முதலில் தோன்றியது வெட்கம். அடுத்துத் தோன்றியது, இவர் அதனைப் பயன்படுத்துகிறார் அல்லவா, பரணில் பூட்டி வைத்த நம்மைவிட இவர் அந்த நெசவாளிக்கு நெருக்கமானவர் அல்லவா என்னும் எண்ணம். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையில் வீடு வந்து சேர்வதற்குள் நினைவில் எழுந்து நின்ற பெயர், ஆனந்த குமாரசுவாமி.

தமிழ்த் தந்தைக்குக் கொழும்பில் 1877இல் பிறந்து, 1947இல் அமெரிக்காவில் மறைந்த இம்மனிதரை நாம் 'நடராச தத்துவம் எழுதியவர்' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிட்டோம். அவர் எழுத்தாளர், அதற்கு முன்பே சேகரிப்பாளர். கீழைநாட்டு ஓவியம், சிற்பம், துணி, கைவினை என எதனையும் கண்டவுடன் அதன் தரமும் காலமும் சொல்லவல்ல அறிஞர். நம்மவருள் அத்தகைய கண் வாய்த்தவர் அவருக்கு முன்னும் பின்னும் மிகச் சிலரே. அவரைப் பாராட்டுவதற்கும், அப்பாராட்டில் உள்ள ஒரு நெருடலைப் பேசுவதற்கும் இக்கட்டுரை.

*

விரிப்பு என்னும் பொருளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தடுக்கு, பாய், தவிசு, ஜமக்காளம், கம்பளம், இரத்தினக் கம்பளம் என ஒவ்வொன்றும் ஒரு தனி வாழ்க்கையைக் காட்டுகிறது. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கும் படுக்கைக்கும் புலவர் எத்தனை அடிகளைச் செலவிடுகிறார் என்பதைப் பாடம் நடத்திய எவரும் அறிவர். யானைத் தந்தம், அன்னத்தின் தூவி எனப் பொருள் பொருளாக எண்ணிச் செல்லும் அப்பார்வை ஒரு சேகரிப்பாளரின் பார்வைதான்.

ஜமக்காளமும் இரத்தினக் கம்பளமும் ஒரு சாதி அல்ல. ஜமக்காளத்தில் ஊடு நூல் பாவு நூலை முழுக்க மூடியபடி தட்டையாக ஓடும். வண்ணப் பட்டைகளே அதன் அழகு. கம்பளத்தில் பாவு நூல்மீது கம்பளி நூலை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு நறுக்குவார்கள். அம்முடிச்சுகளின் நுனிகளே மேலே பூவும் கொடியுமாகத் தெரிபவை. பாரசீகத்தின் இக்கலை அக்பர் காலத்தில் ஆக்ரா, பதேபூர் சிக்ரி, லாகூர்ப் பட்டறைகளில் வேர்கொண்டது. தக்காணத்திலும் ஏலூரு, மசூலிப்பட்டினம் பகுதிகளிலும் பரவியது. தஞ்சையை அடுத்த அய்யம்பேட்டையிலும், வாலாஜாபேட்டையிலும் ஒரு காலத்தில் கம்பளத் தறிகள் இருந்தன என்றால் இன்று நம் மாணவர்கள் வியக்கிறார்கள். ஜப்பானின் கியோத்தோ நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கியோன் திருவிழாவின் தேர்களை அணிசெய்யும் பழைய விரிப்புகளுள் இந்தியக் கம்பளங்களும் உண்டு. கப்பலேறிப் போனவை அங்கே தேரில் வலம் வருகின்றன. புறப்பட்ட ஊர்களில் தறிகள் அருகிவிட்டன.

*

குமாரசுவாமியைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸை ஒரு கணம் நினைக்க வேண்டும். கவிஞர், அச்சாளர், நெசவாளர், சமதர்மவாதி எனப் பல முகம் கொண்ட மோரிஸ், தம் காலத்தில் கீழைநாட்டுக் கம்பளங்களை நன்கறிந்தோருள் ஒருவர். முடிச்சின் நுணுக்கத்தை அறியும்பொருட்டுத் தாமே முடிச்சிடக் கற்றுக்கொண்டார். பாரசீகத்தின் அர்தபில் தர்காவில் விரிக்கப்பட்டிருந்த பெருங்கம்பளம் 1893இல் லண்டனில் விலைக்கு வந்தபோது, அதனை அருங்காட்சியகம் வாங்கியே தீரவேண்டும் என்று பரிந்துரைத்தவர் அவரே. பத்தரை மீட்டர் நீளமும் ஐந்து மீட்டருக்கு மேல் அகலமும் உடைய கம்பளம் அது. ஹிஜிரி 946 என்ற ஆண்டும், காஷான் ஊர் மக்ஸூத் என்ற பெயரும் அதிலேயே நெய்யப்பட்டுள்ளன. கிறித்துவ ஆண்டுக் கணக்கில் 1539-40. விலை இரண்டாயிரம் பவுன்.

இதில் ஒரு செய்தி நம்மை உறுத்துவது. அர்தபில் கம்பளங்கள் இரண்டு. ஒன்றைச் செப்பனிட மற்றதன் பகுதிகளை வெட்டி ஒட்டினார்கள். செப்பனிட்டது லண்டனுக்கும் சிதைந்தது பல கைகள் மாறி லாஸ் ஏஞ்சலீசுக்கும் போய்ச் சேர்ந்தன. லண்டன் கம்பளம் நெடுங்காலம் சுவரில் மாட்டப்பட்டே இருந்தது. 2006இல்தான் அதனை மறுபடி தரைமட்டத்தில், கண்ணாடிக்குள், கிடத்தினார்கள். வண்ணம் மங்காதிருக்க அரைமணிக்குப் பத்து நிமிடம் மட்டுமே அங்கு விளக்கெரிகிறது. தொழுவோர் பாதம்பட நெய்த விரிப்பின் இன்றைய வாழ்வு இது.

மோரிஸின் கொள்கைகளைத் தம் இளமையில் வரித்துக்கொண்டவர் குமாரசுவாமி. லண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, இலங்கையின் கனிமக் கணக்கெடுப்புத் துறைக்கு இயக்குநராய் 1903 முதல் 1906 வரை பணியாற்றினார். கல்லைத் தேடிச் சென்றவருக்குக் கண்டியைச் சுற்றிய சிற்றூர்களில் தச்சரும் கொல்லரும் பாய் முடைவோரும் நெசவாளரும் எதிர்ப்பட்டார்கள். கைத்திறன் சாகவில்லை, ஆனால் அதற்கு ஆதரவான சமூகம் குலைந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகச் சென்று எழுதினார். துணைவியார் எத்தெல் உடன்சென்று ஒளிப்படம் எடுத்தார். 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் அதன் பயன். மோரிஸின் கெல்ம்ஸ்காட் பதிப்புகளை அச்சிட்ட அதே கைப்பொறியில் 425 படிகள் மட்டும் அச்சிட்டார். தந்தச் சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் தந்த மதிப்பைப் பாய்முடைதலுக்கும் சாயமேற்றலுக்கும் அந்நூல் தந்தது. அரசனின் அரியணையையும் குடியானவனின் கோரைப்பாயையும் ஒரே நூலில் வைக்கும் துணிவு, அக்காலச் சேகரிப்பாளர்க்கு எளிதில் வராதது.

எத்தெல் அம்மையார் பின்னர்ப் பிரிந்து சென்று, இங்கிலாந்தின் கைத்தறி மறுமலர்ச்சிக்கு முன்னோடியானார் என்பதையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் அவர் எழுதிய நூல் இன்றும் நெசவுப் பயில்வோர் கையில் இருக்கிறது. நம் ஊர்ச் சாயக்காரர்களிடம் அவர்கள் இருவரும் கற்றது அங்கே நூலாயிற்று. இங்கே அச்சாயத் தொட்டிகள் தூர்ந்தன.

தூர்ந்ததன் காரணத்தைக் குமாரசுவாமி ஒளிக்காமல் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் ஆக்ரா, லாகூர், எரவாடாச் சிறைகளில் கைதிகளைக் கொண்டு கம்பளம் நெய்வித்தது ஆங்கில அரசு. மலிவான வேதிச்சாயம் புகுந்தது. அந்நிய வணிகன் காட்டிய மாதிரியே வடிவம் ஆயிற்று. ஆனால் அவர் ஆங்கிலேயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சென்னைக் கணேஷ் கம்பெனி வெளியிட்ட 'கலையும் சுதேசியமும்' என்ற நூலில் அவர் கேள்வி நம்மை நோக்கியே நிற்கிறது. மான்செஸ்டர் துணிக்குப் பதிலாக அதன் நகலைப் பம்பாயில் நெய்து உடுத்துவது சுதேசியம் ஆகுமா, ரசனை இல்லாத இடத்தில் கைவினை பிழைக்குமா என்பதே அவர் வாதத்தின் சாரம். நெசவாளியைக் கொல்வது பொறி மட்டுமன்று, வாங்குபவரின் குருட்டுக் கண்ணும்தான் என்பது அவர் கருத்து. நீல வாளியைக் கையில் பிடித்த நமக்கு இது சுடுகிறது.

*

இனி நெருடலுக்கு வருவோம். 1910-11 ஆண்டுகளில் அலகாபாத்தில் நடந்த பெருங்கண்காட்சியின் கலைப்பிரிவுக்குப் பொறுப்பேற்ற குமாரசுவாமி, வட இந்தியா முழுதும் அலைந்து ஓவியங்களையும் பிற கலைப்பொருள்களையும் சேர்த்தார். ராஜபுத்திர ஓவியம் என்று ஒரு மரபு உண்டென்பதையே உலகம் அறியாதிருந்த காலம். முகலாய ஓவியத்தின் நாட்டுப்புற நிழல் என்று பிறர் தள்ளியதை, தனிக்கலை என்று நிறுவி 1916இல் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார்.

அத்தொகுப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அவர் எண்ணவில்லை. காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமையுமாயின் அனைத்தையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நாடு செவிமடுக்கவில்லை. பணம் திரளவில்லை. உலகப்போரில் பிரிட்டனுக்காகப் படைசேர மறுத்தமையால் இங்கிலாந்திலும் அவருக்கு இருப்பு நெருக்கடியாயிற்று. 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் அறங்காவலர் டென்மன் ராஸ் அத்தொகுப்பை வாங்கி அருங்காட்சியகத்துக்கு அளித்தார். தொகுப்போடு தொகுத்தவரும் பாஸ்டனுக்குப் போனார். தாம் மறையும் வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். 'ராஸ்-குமாரசுவாமி தொகுப்பு' என்ற பெயரோடு அப்பொருள்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. தில்லியில் தேசிய அருங்காட்சியகம் தோன்றியது 1949இல். குமாரசுவாமி பாஸ்டன் சேர்ந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து; அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

'நம் செல்வத்தை அயல்நாட்டுக்குக் கொண்டுபோனவர்தாமே, அவரையா புகழ்வது' என்று இலக்கிய நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. சிற்றரசர் வீட்டு வாரிசுகளுக்கும் ஓவியக் குடும்பங்களுக்கும் தம் கையில் இருந்ததன் மதிப்புத் தெரியாத காலத்தில் அவர் வாங்கினார் என்பதும் உண்மையே. ஆயினும் வழக்கைத் தீர்க்குமுன் நாம் எண்ணவேண்டியது, அவர் முதலில் தட்டியது எந்தக் கதவை என்பது. நம் கதவைத்தான். திறக்காதவர்கள் நாம்.

சேர்ப்பவர் வேறு, பதுக்குபவர் வேறு என்பது நம் துணிபு. பதுக்குபவர் பொருளைப் பெறுகிறார், பூட்டுகிறார், விலையேற்றத்துக்குக் காத்திருக்கிறார். சேர்ப்பவர் பொருளோடு அதன் பெயர், ஊர், செய்தவர் குலம், செய்முறை, பயன் அனைத்தையும் சேர்க்கிறார். பிறகு அவ்வறிவை எல்லார்க்கும் பகிர்கிறார். பாஸ்டன் தொகுப்புக்குக் குமாரசுவாமி எழுதிய விரிவான விவரப்பட்டியல்கள் 1923 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தன. பொருள்கள் கடல் கடந்தன, அவற்றின் அறிவு கடல் கடந்து திரும்பி வந்தது. சிவனின் ஆடலைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரையும் நியூயார்க்கில் பிறந்ததன்று. சென்னையிலிருந்து வெளிவந்த 'சித்தாந்த தீபிகை' என்ற சைவ இதழில் 1912இல் முதலில் வந்தது. திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் துணைக்கொண்டு ஒரு செப்புத் திருமேனியின் அசைவை விளக்கிய அக்கட்டுரை, உலகமே நடராசரைக் காணும் முறையை மாற்றிற்று. பொருளைக் கைக்கொள்வது ஒரு வகை உடைமை. அதன் பொருளைக் கைக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவதில் தமிழர்க்கு அவர் கடன்பட்டிருந்தார், அக்கடனை வட்டியோடு தீர்த்தார்.

அருங்காட்சியகத்திலேயே வாழ்நாளைக் கழித்த அவர், அருங்காட்சியகத்தைத் தொழுதவர் அல்லர் என்பதுதான் நமக்கு மிகப் பிடித்த முரண். கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்ற வினாவையே தலைப்பாக வைத்து 1943இல் ஒரு நூல் தந்தார். அங்குள்ள எப்பொருளும் காட்சிக்கென்று செய்யப்பட்டதில்லை. கிண்ணம் உண்பதற்கு, விரிப்பு அமர்வதற்கு, திருமேனி வழிபடுவதற்கு. அவை உயிரோடு இருந்த உலகம் அழிந்ததனால் அங்கு வந்து சேர்ந்தவை. அவற்றைப் பார்த்து 'அழகு' என்று வியந்து வீடு திரும்பி, அழகற்ற பொருள்களோடு வாழ்வோமாயின் அப்பார்வையால் ஆவதொன்றில்லை. நம் அன்றாட வாழ்வு ஏன் இப்படி வறண்டது என்று கேட்கத் தூண்டுவதே அருங்காட்சியகத்தின் பணி என்பது, நாம் அவரிடம் புரிந்துகொண்டது.

அவர் சொல் வீண்போகவில்லை. 1940களில் அகமதாபாத் ஆலை அதிபர் கௌதம் சாராபாயோடு உரையாடியபோது, துணிகளுக்கென்று அந்நகரில் ஒரு நிறுவனம் வேண்டும் என்று குமாரசுவாமி கூறினார். அவ்விதை 1949இல் காலிகோ துணி அருங்காட்சியகமாக முளைத்தது. காசியில் கைகூடாதது அகமதாபாத்தில், அவர் கண்மூடிய பின், வேறு வடிவில் கைகூடிற்று.

*

இங்கே நம் பகுதிச் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தமிழில் அச்சான எதனையும், நூல், இதழ், நாடக நோட்டீசு, திருமண அழைப்பு என வேறுபாடின்றிச் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சிதறிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கதை 1917ஐப் போலவே முடிந்திருக்கக்கூடும். ஆனால் தொகுப்பு கப்பலேறவில்லை. நம் திருமுல்லைவாயிலுக்கு அணித்தேயுள்ள முகப்பேரில் நூலகமாக அமைந்தது. நுண்படச்சுருள்கள் எடுக்கப்பட்டன, மூலங்கள் தமிழ்நாட்டிலேயே தங்கின. பின்னர்த் தரமணிக்கு இடம் மாறிய அந்நூலகத்தில் எத்தனையோ ஆய்வாளர்கள் பயன்பெற்றுவிட்டார்கள். அயலார் பணம் கொடுத்தும் பொருள் இங்கேயே இருக்கமுடியும் என்பதற்கு அது சான்று. வேண்டியது பணத்தைவிட, 'இது இங்கே இருக்கவேண்டும்' என்று எழுந்து நிற்கும் சிலர். 1917க்கும் 1994க்கும் இடையில் அந்தச் சிலர் நம்மிடையே தோன்றிவிட்டனர் என்பது ஆறுதல்.

ஓலைக்கும் தாளுக்கும் தோன்றியவர்கள் துணிக்கும் பாய்க்கும் தோன்றினார்களா? உ.வே.சாமிநாதையர் ஏடு தேடியதைப் போல யாரேனும் ஜமக்காளம் தேடினார்களா? பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. பத்தமடைப் பாய்க்கும் உண்டு. தாமிரவருணிக் கோரையைக் கீறி ஊறவைத்து, பட்டுப்போல் மடியும்படி நெய்த பத்தமடைப் பாய் ஒன்று, 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்குப் பரிசாகச் சென்றதைப் பெருமையாகச் சொல்கிறோம். அப்பாயில் நம் வீட்டில் எவரும் படுப்பதில்லை என்பதைச் சொல்வதில்லை. குறியீடு பெயரைக் காக்கும். பழக்கத்தைக் காக்க அதனால் இயலாது.

நம் ஊர் மாசிலாமணீசுவரர் கோயிலில் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. குறும்பரை வென்ற தொண்டைமான் அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை என்பது ஐதிகம். எருக்கு இத்தனை பருமனாக வளருமா என்று வியந்தபடியே அடியார்கள் அவற்றைக் கடந்து சன்னதிக்குள் போகிறார்கள். அவற்றுக்கு விளக்கச்சீட்டு வேண்டுவதில்லை. ஊர்ப் பாட்டி பேரனுக்குச் சொல்லும் கதையே விளக்கச்சீட்டு. பொருளும் கதையும் பிரியாமல் ஓரிடத்தில் இருப்பதே சிறந்த காப்பு. அது இயலாதபோது குமாரசுவாமியைப் போன்ற ஒருவர் இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோவது அடுத்த சிறப்பு. பொருளைத் தெருவண்டியில் போட்டு, கதையை மறந்துவிடுவது கடை.

ஆகவே நம் கருத்து இது. தமிழ்த்துறைகள் நாட்டார் பாடலையும் பழமொழியையும் சேகரிக்க மாணவரை அனுப்புவது போல, வீட்டு விரிப்புகளைப் பதிவு செய்யவும் அனுப்பவேண்டும். பொருளைப் பிடுங்கிவர வேண்டா. எந்த ஊரில் நெய்தது, யார் கொடுத்தது, எந்நாளில் விரிப்பது, அதன் பட்டைக்கும் ஓரத்துக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதி, ஒரு படம் எடுத்து வந்தால் போதும். நெசவுச் சொற்களுக்கு அகராதிகளில் இல்லாத வளம் அதில் கிட்டும். நாம் இவ்வாண்டு நம் வகுப்பில் இதனைச் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறோம். முதற்பதிவு நம் வீட்டதுதான்.

மறுநாளே அந்த மெக்கானிக்கைத் தேடிப்போனோம். கழிவுத்துணிக் கடையில் எடைக்கு வாங்கியதாகச் சொன்னார். எழுத்தைக் காட்டினோம். "எடுத்துக்கங்க சார். எனக்குக் கீழே விரிக்க ஏதாவது ஒண்ணு வேணும், அவ்வளவுதான்" என்றார். புதிய ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, பழையதை வாங்கிவந்தோம். எத்தனை முறை ஊறவைத்தும் கிரீஸ் கறை போகவில்லை. பரணில் ஏற்றவில்லை, சுவரிலும் மாட்டவில்லை. கூடத்தில் விரித்திருக்கிறோம். மாலையில் மாணவர்கள் வந்தால் அதில்தான் அமர்கிறார்கள்.